உட்கார்ந்தால்தான் தியானமா? முழங்கால் வலியோடு கிரிவலம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. மதுரை திருநகரில் குடியிருக்கிறேன். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன வருடம் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு தியான வகுப்பில் சேர்த்துவிட்டான். தினமும் இருபது நிமிடம் கண்ணை மூடி அசையாமல் உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி நினைப்பு வந்து நெஞ்சை அடைக்கிறது. ஆனால் பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி வந்தால் மனசு லேசாகி அன்று இரவு நன்றாகத் தூங்குகிறேன். இதைச் சொன்னால் என் கொழுந்தனார், "அது சடங்கு, தூக்கம் வருவது உடம்பு அலுப்பில். தியானம் என்றால் அசையவே கூடாது" என்கிறார். இதற்கிடையில் வலது முழங்காலில் வலி வந்துவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, தரையில் உட்காராதீர்கள், குத்தவைக்காதீர்கள்" என்றார். தோப்புக்கரணமும் நமஸ்காரமும் நின்றுபோய்விட்டன. கிரிவலமும் வேண்டாம் என்கிறான் மகன். பேத்தி பிறந்ததற்கு நேர்ந்துகொண்ட அங்கப்பிரதட்சிணம் வேறு பாக்கி இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் கவலைப்படுகிற விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிரிவலம் போகலாம். ஆரம்ப நிலைத் தேய்மானத்தில் நடையை நிறுத்தினால் முழங்கால் இன்னும்தான் கெடும். எப்படி நடப்பது, எதை மாற்றிக்கொள்வது என்று பின்னால் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது முழங்காலைவிட இன்னொன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. இத்தனை வருடம் காலாலும் கையாலும் கும்பிட்டு வந்தது கணக்கில் சேருமா, சேராதா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதை முதலில் பேசுவோம்.

நான் இயன்முறை மருத்துவர். ஆன்மிகத்தில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் மதுரையில் இந்த வேலையைப் பார்க்கிறவர்களின் கண்ணில் ஒரு விஷயம் படாமல் போகாது. மூட்டு வலியோடு வருகிறவர்களில் பலருக்கு, மாடி ஏறலாமா, பஸ்ஸில் போகலாமா என்பதெல்லாம் இரண்டாவது கவலை. விழுந்து கும்பிடலாமா, முட்டிபோட்டு ஜெபம் செய்யலாமா, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கலாமா என்பதைத்தான் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உடம்பு மடங்காவிட்டால் சாமியோடு இருந்த பேச்சுவார்த்தையும் நின்றுபோகும் என்கிற பயம் அது. அந்தப் பயத்தைப் பார்த்த பிறகு, உடம்பால் செய்கிற வழிபாட்டை யாராவது 'வெறும் சடங்கு' என்று சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

அப்பரின் திருஅங்கமாலையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, ஆக்கை, கால் என்று உறுப்பு உறுப்பாகக் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலையைச் சொல்கிற பதிகம். அந்த வரிசையில் நெஞ்சும் ஒன்று, அவ்வளவுதான். நெஞ்சு நினைத்தால் போதும், மற்றதெல்லாம் சும்மா இருக்கலாம் என்று அவர் விடவில்லை. கோயிலைச் சுற்றி வராத காலால் என்ன பயன் என்று காலுக்கும் தனியாக ஒரு பாட்டு வைத்தார். அவர் கையில் எப்போதும் இருந்தது உழவாரப்படை. கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கியதே அவருக்கு வழிபாடு. இதைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும்?

அசையாமல் உட்கார்வது ஒரு வழி, நல்ல வழி. அது ஒன்றுதான் வழி என்று எந்த மரபும் சொல்லவில்லை. பௌத்தத் துறவிகள் உட்கார்ந்து செய்யும் தியானத்தோடு நடந்து செய்யும் தியானத்தையும் பழகுகிறார்கள். சமணர்களுக்கு நின்றபடி செய்யும் தியானம் உண்டு. நேரம் கிடைத்தால் கீழக்குயில்குடி சமணமலைக்குப் போய்ப் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களைப் பாருங்கள், அமர்ந்த உருவங்களோடு நின்ற உருவங்களும் பாறையில் இருக்கின்றன. (அடிவாரத்திலிருந்து ஏற வேண்டியது படி. முழங்கால் கொஞ்சம் பலப்பட்ட பிறகு போங்கள்.) இஸ்லாமியர் தொழுகை நின்று, குனிந்து, நெற்றி தரையில் பட்டு, அமர்ந்து என்று உடம்பு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. தவக்காலத்தில் மரியன்னை பேராலயத்தில் சிலுவைப்பாதை செய்கிறவர்கள் பதினான்கு நிலைகளிலும் நின்று, நகர்ந்து, முட்டிபோட்டுத்தான் ஜெபிக்கிறார்கள். மேலூர், உசிலம்பட்டி பக்கம் முளைப்பாரியை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கும்மி அடிக்கிற பெண்களைப் பாருங்கள். பாட்டும் கைத்தட்டும் அடியும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு அந்த முகங்களில் வருகிற அமைதியைத் தியானம் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாததால் அது குறைந்துபோகவும் இல்லை.

சரி, உட்கார்ந்தால் ஏன் நெஞ்சை அடைக்கிறது? உங்களிடம் குறை எதுவும் இல்லை. பெரிய இழப்புக்குப் பிறகு கண்ணை மூடி அசையாமல் இருந்தால், பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் மனம் நேராக அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குத்தான் போகும். இது பலருக்கும் நடக்கிறது. அனுபவமுள்ள தியான ஆசிரியர்கள் இப்படிப்பட்டவர்களை வற்புறுத்துவதில்லை. கண்ணைத் திறந்துகொள்ளுங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், வேண்டுமானால் எழுந்து நடங்கள் என்பார்கள். நடக்கும்போது மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. பாதத்தின் அடியில் தார்ச்சாலையின் சூடு, இடுப்பின் அசைவு, பக்கத்தில் நடப்பவர்களின் அடிச்சத்தம், வலப்பக்கம் கூடவே வரும் மலை. நினைப்பு வரும், ஆனால் அடுத்த அடி அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கொழுந்தனார் சொல்வதில் ஒரு பாதி சரிதான். உடம்பு அலுத்தால் தூக்கம் வரும். அது வரட்டும், நல்ல தூக்கத்துக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம். அவர் விட்டுவிட்ட மறுபாதி மூச்சு. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜெபமாலையை லத்தீனில் சொன்னவர்களுக்கும் யோக மந்திரத்தைச் சொன்னவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறாகக் குறைந்து சீரானது. ரத்த அழுத்தத்தை உடம்பு தானே சரிப்படுத்திக்கொள்ளும் திறனும் கூடியது. அவர்கள் ஓரிடத்தில் இருந்தபடி சொன்னவர்கள். நடக்கிறவருக்கு மூச்சு அந்த அளவுக்குக் குறையாது. ஆனாலும் நாமம் ஓர் ஒழுங்கில் வந்தால் மூச்சும் அதன் பின்னாலேயே ஒழுங்குக்கு வரும். நீங்கள் மலை சுற்றும்போது வாய்க்குள் முருகன் பெயரைச் சொல்கிறவராக இருந்தால் இது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது முழங்கால். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான். பாரம் ஏறும்போது பஞ்சு போல அது அமுங்கும், பாரம் இறங்கும்போது திரவத்தை உறிஞ்சும். நடை என்பது இப்படி மாறி மாறி அமுக்கி விடுவதுதான். நடக்காத முழங்காலுக்கு இந்த ஊட்டம் குறையும், தொடைத் தசையும் இளைக்கும், அந்தத் தசை தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் தலையிலேயே விழும். உங்கள் டாக்டர் நிறுத்தச் சொன்னது குத்தவைப்பதையும் தரையில் உட்கார்ந்து எழுவதையும். அது சரியான அறிவுரை. முழங்கால் முழுசாக மடங்கும்போது சில்லுக்குப் பின்னால் அழுத்தம் மிக அதிகம். சமதள நடை அப்படி அல்ல.

நடக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். திருப்பரங்குன்றத்தில் ஒரு சுற்று சுமார் மூன்று கிலோமீட்டர். அதை மாதத்துக்கு ஒருமுறை திடீரென்று நடப்பதுதான் வலிக்குக் காரணமாகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு வருகிறவர்களிடமும் இதையே பார்க்கிறேன். அலுவலக நாற்காலியை விட்டு எழாதவர்கள் நேராக நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிட்டுக் குதிகால் வலியோடு வருவார்கள். நீங்கள் திருநகர்த் தெருக்களிலேயே தினமும் பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பௌர்ணமி அன்று கூட்டம் நெருக்கித் தள்ளும், உங்கள் வேகத்தில் நடக்க விடாது. முதல் இரண்டு மாதம் வேறு நாளில் சாயங்காலம் போங்கள். தென்பரங்குன்றம் பக்கம் உமையாண்டார் குடைவரை வரும்போது ஓரமாக உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மீதியைச் சுற்றலாம். உட்கார்ந்ததால் வலம் கெட்டுப்போகாது.

பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். மூச்சு வாங்கிச் சொல் உடைந்தால் மெதுவாக்குங்கள். ச-ர-வ-ண-ப-வ என்று அடிக்கு ஓர் எழுத்தாக வைத்துப் பாருங்கள். ஆறு அடிக்கு ஒரு நாமம் முடியும். எத்தனை நாமம் ஆயிற்று என்று எண்ண வேண்டாம். எண்ண ஆரம்பித்தால் கணக்கு முடிவதில்தான் மனம் போகும். செல்போனைப் பையில் போட்டு மூடிவிடுங்கள். கூட வருகிறவர்களிடம், "சுற்றி முடித்த பிறகு பேசுவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நினைப்பு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதோடு சண்டை வேண்டாம், அடுத்த எழுத்தையும் அடுத்த அடியையும் எடுத்து வையுங்கள். அழுகை வந்தாலும் நடந்துகொண்டே அழலாம். அந்தப் பாதை அதற்கெல்லாம் பழகியதுதான்.

உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் வெளிச்சாலையில் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். கால் மரத்துப்போனவர்களுக்குக் கல் குத்தியதும் சூடு சுட்டதும் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். சர்க்கரை இல்லாவிட்டாலும் மெத்தென்ற செருப்போடு சுற்றுங்கள், சன்னதியில் கழற்றிக்கொள்ளலாம். கைத்தடி வைத்துக்கொள்ளச் சங்கடப்படாதீர்கள். வலிப்பது வலது கால் என்பதால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு, பிரயோஜனம் இல்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம், குன்றத்துக் கோயிலுக்குள்ளேயே படிகள் அதிகம். ஏறும்போது இடது காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலது காலை முதலில் இறக்குங்கள். படி ஏற முடியாத நாளில் மீனாட்சி கோயில் ஆடி வீதிக்கு வாருங்கள். கல் பாவிய சமதளம், காலை நேரத்தில் குளிர்ச்சியாக இருக்கும், வண்டி வாகனத் தொல்லை இல்லை.

மீனாட்சி கோயிலுக்கு வந்தால் வெள்ளியம்பலத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மற்ற ஊர்களில் நடராசர் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுவார். இங்கே இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறார். திருவிளையாடற் புராணம் காரணம் சொல்கிறது. ராசசேகர பாண்டியன் பரதம் கற்றுக்கொண்டபோது உடம்பெல்லாம் நொந்தது. ஒரு நாள் ஆடிய நமக்கே இப்படி வலிக்கிறதே, எந்நேரமும் ஒரே காலில் நின்று ஆடுகிறவருக்கு எப்படி வலிக்கும் என்று கலங்கி, கால் மாறி ஆடும்படி வேண்டினான். சுவாமி மாற்றிக்கொண்டார். ஒரு பக்தன் தன் உடம்பின் வலியை வைத்துச் சாமியின் வலியை நினைத்த கதை இது. என்னிடம் வருகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன். சாமியே கால் மாற்றிக்கொண்ட ஊரில், நாம் ஒரு நமஸ்காரத்தை மாற்றிக்கொள்வதற்கு என்ன தயக்கம்?

தோப்புக்கரணத்தை இப்படி மாற்றுங்கள். கை வைக்காத, உயரமான, அசையாத நாற்காலி ஒன்றைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். முதுகு நிமிர்ந்து நுனியில் உட்காருங்கள், பாதங்கள் இரண்டும் தரையில் நன்றாகப் பதியட்டும். கைகளைக் குறுக்கே கொண்டுபோய்க் காதைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து எழுந்திருங்கள். நிமிர்ந்து நின்று, பிள்ளையாரை நினைத்து, மறுபடி மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது, இறங்கும்போதுதான் தொடைத் தசை நன்றாக வேலை செய்கிறது. ஐந்தில் ஆரம்பித்துப் பன்னிரண்டு வரை போகலாம். முழங்கால் வலிக்கு நாங்கள் சொல்லித்தரும் முக்கியமான பயிற்சிகளில் இது ஒன்று, உங்கள் தோப்புக்கரணமும் இதுவே. இன்னொன்று: அதே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். சரவணபவ என்ற ஆறெழுத்தை நிதானமாக ஒருமுறை சொல்லி முடிக்கும்வரை பிடித்திருந்து இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும்.

நமஸ்காரத்துக்கு நின்றபடியே இடுப்பிலிருந்து குனிந்து, முன்னால் மேசையிலோ திண்ணையிலோ இரு கைகளையும் ஊன்றித் தலையைக் கைகளின் மேல் வையுங்கள். கையும் தலையும் கீழே படுகின்றன, முழங்கால் மட்டும் தப்பித்துக்கொள்கிறது. கோரிப்பாளையத்துப் பக்கம் தையல் வேலை பார்த்த ஒரு பெரியவர், மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னிடம் பயிற்சிக்கு வந்தார். தொழுகையில் நெற்றி தரையில் படாததை நினைத்து மிகவும் மனம் உடைந்திருந்தார். முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து குனிந்து தொழலாம் என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத் எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளையும் தொடையில் வைத்து, ருகூவுக்கு (குனிந்து நிற்கும் நிலைக்கு) கொஞ்சம், சஜ்தாவுக்கு (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலைக்கு) இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குனிவதை எனக்குச் செய்துகாட்டினார். கண் தானாகத் தாழ்ந்தது, தோள் இறங்கியது, மூச்சு நீண்டது. தரையில் செய்கிறவரிடம் இருக்கிற எதுவும் அதில் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் நேர்த்திக்கடன். அங்கப்பிரதட்சிணத்தில் முழங்காலுக்கு நீங்கள் நினைக்கிற அளவு ஆபத்து இல்லை, உருளும்போது கால் நீண்டுதான் இருக்கிறது. தரையில் படுப்பதும் திரும்ப எழுவதும்தான் கஷ்டம், அதிலும் ஈரப்புடவையோடு. இன்னொன்று தலைசுற்றல். உருண்டு முடித்ததும் விருட்டென்று எழுந்து கீழே விழுகிறவர்கள் உண்டு. அதனால் அவசரப்படாமல் மூன்று மாதம் மேலே சொன்ன பயிற்சிகளைச் செய்யுங்கள். ரத்த அழுத்தம், கழுத்துவலி, தலைசுற்றல் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு விசாகம், பூசம் போன்ற கூட்ட நாள்களை விட்டுவிட்டு ஒரு சாதாரண நாளில், வீட்டார் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்யலாம். முடித்ததும் அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்து, பிறகு உட்கார்ந்து, தலை தெளிந்த பிறகு இருவர் தாங்க எழுந்திருங்கள். அதுவும் முடியாது என்று தெரிந்தால் கோயிலிலேயே பெரியவர்களிடம் கேளுங்கள், அடிப்பிரதட்சிணமாக மாற்றிச் செய்யச் சொல்லக்கூடும். வலியை எவ்வளவு தாங்குகிறோம் என்பதை வைத்துப் பக்தியை அளக்கிற பழக்கத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பேத்தியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் அந்த முழங்கால் வேண்டும்.

நடந்த பிறகு லேசான வலி இருந்து மறுநாளுக்குள் அடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. மறுநாளும் வலித்தால் அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள். முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடங்கி விழப் பார்த்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நெஞ்சை அடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உட்காரும்போது துக்கத்தில் வருவதாகவே இருக்கலாம். ஆனால் 62 வயதில் அதை ஊகத்தில் விடக் கூடாது. கிரிவலத்தைத் திரும்பத் தொடங்கும் முன் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ வந்தால் அங்கேயே நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள், 108க்கு அழையுங்கள். ஒரு வருடம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை என்பதையும் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். துக்கம் நீண்டு உடம்பைப் பிடித்துக்கொண்டால் அதற்கும் சிகிச்சை உண்டு, நடையும் அதுவும் சேர்ந்தே போகலாம்.

தியான வகுப்பை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மகன் அக்கறையாகச் சேர்த்துவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டு, நாற்காலியில், ஐந்து நிமிடம் மட்டும் செய்து பாருங்கள். பிடிக்காவிட்டால் அந்த நேரத்தில் வாசலுக்கு வந்து நடங்கள். இந்தக் கடிதத்தை மகனுக்கு அனுப்பிவைத்தால், நடையை ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்பது அவருக்கும் புரியும். பயிற்சிகளைப் படித்து மட்டும் செய்யாமல், எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு அருகில் உள்ள இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை நேரில் செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ராஜாஜி அரசு மருத்துவமனையிலும் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது கிரிவலம் போக வேண்டும், அங்கப்பிரதட்சிணம் பாக்கி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் உங்களுக்கு ஏற்ற பயிற்சியை அவரால் கொடுக்க முடியும்.